மலைமேல் மழை, அடிவாரத்தில் வெள்ளம்

என் பாசமுள்ள அண்ணா,

நீ எங்களை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. உன்னிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது, கேள்.

கள்ளக்குறிச்சியில் எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. மனிதர்கள் இணையத்தில் எழுதிவைத்ததையெல்லாம் ஒரு கம்ப்யூட்டர் வாசிக்கிறது. தெரிந்துகொண்டதைச் சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொல்கிறது. அது சரியா தப்பா என்று குறிப்பதுதான் என் வேலை.

போன வாரம் திரையில் இப்படி வந்தது: “கல்வராயன் மலைமேல் மதியம் மழை பெய்தால், அடிவார ஓடையைச் சாயங்காலம் கடக்கக் கூடாது. அங்கே வெயிலடித்தாலும் வெள்ளம் வரும்.” எங்கே படித்தது என்று பார்த்தேன். உன் வலைப்பூ, அண்ணா! மலை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தபோது நீ எழுதியது. நாங்கள் ஒருவரும் ஒழுங்காகப் படிக்காதது.

ஆனால் அந்த வாக்கியத்தை நீ எழுதவே இல்லை. மலையில் மதியத்தில்தான் மழை பிடிக்கிறது என்று ஒரு பதிவில் எழுதியிருக்கிறாய். மேலே பெய்த தண்ணீர் ஓடைக்கு வர மூன்று மணி நேரமாகும் என்று வெகுநாள் கழித்து இன்னொன்றில். இரண்டையும் அது சேர்த்துப் பார்த்திருக்கிறது. வாசிப்பது என்றால் இதுதானா? இரண்டும் இப்படிச் சேரும் என்று உனக்குத் தெரிந்திருந்ததா?

சரியென்று குறிக்கத் தைரியம் வரவில்லை. தப்பென்று நான் தள்ளிவிட, தெரியாமல் ஒரு பிள்ளை ஓடையில் இறங்கிவிட்டால்? ஞாயிற்றுக்கிழமை, நீ போய்வந்த அதே பஸ்ஸில் அண்ணியோடு ஏறினேன். ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவைக் கேட்டேன்.

“நெசந்தாம்மா. இங்க வெயில் காயும், தண்ணி திடீர்னு செவப்பா வந்துடும். போன மாசம் எம்பொண்ணு பள்ளிக்கூடம் வுட்டு வந்து, அக்கரையிலயே நின்னுகினு இருந்தா. ஆமா, டவுன்ல இருக்கற உங்களுக்கு இத யாரு சொன்னாங்க?”

கம்ப்யூட்டர் என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணி முந்திக்கொண்டார்.

“எங்க வூட்டுக்காரரு.”

திரும்பி வரும் வழியில் அண்ணி தியாகதுருகத்தில் இருக்கும் தன் அம்மாவுக்குப் போன் போட்டு, “இன்னாம்மா சொல்றது, அவரு எழுதுனத மிஷினு படிச்சிருக்குது” என்றார். அழுகையும் சிரிப்பும் அவருக்குச் சேர்ந்தே வந்தன.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக ‘சரி’ என்று அழுத்தினேன்.

பீரோவில் உன் கையெழுத்து நோட்டுகள் ஏழு இருக்கின்றன, அண்ணா. எல்லாவற்றையும் தட்டச்சு செய்து உன் பேரிலேயே இணையத்தில் ஏற்றுகிறேன். புரியாத இடம் வந்தால் மலையேறிப் போய்க் கேட்டு எழுதுகிறேன். இந்த முறை ஒரு வரி விடாமல் நானும் படிப்பேன்.

உன் கூடப் பிறந்தவள்,
வசந்தி