சாயம் அடித்த புல்

அன்புள்ள அம்மாவுக்கு, உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா தூங்கியபின் பயந்துகொண்டே எழுதுகிறேன். உன்னிடம் சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கியிருக்கிறார்.

அப்பா புல் பராமரிக்கும் மைதானத்தில், கோல்ஃப் ஆடுபவர்களுக்குப் பந்து வழுக்கி ஓட வேண்டுமாம். புல்லை ஒட்ட வெட்டச் சொன்னார்கள்.

"இந்த வெயில்ல கருகிடுங்க" என்றார் அப்பா.

"பார்க்கப் பச்சையா இருந்தா போதும்யா" என்றார் மேலாளர்.

கருகியதும் பச்சைச் சாயம் அடிக்கவைத்தார். முகமூடி கேட்டதற்கு, "சாயம்தானே, குடிக்கவா சொன்னேன்?" என்றார். இப்போது அப்பாவின் எச்சிலும் பச்சை. நான் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனபோது, ஆட வந்த ஒருவர் அந்தப் புல்லில் நின்று, "ஆஹா, இயற்கை!" என்று மூச்சை இழுத்தார்.

நான் நலம்தான். எனக்குப் போர்த்திக்கொள்ள என்று அப்பாவிடம் சொல்லி, உன் பழைய பருத்திப் புடவை ஒன்று அனுப்பு. அப்பா முகத்தில் கட்டக் கிழித்துத் தருகிறேன்.

இருமுகிறார், எழுந்துவிடுவார். பச்சைப் புடவை மட்டும் வேண்டாம் அம்மா.

உன் மகள்