எண்பத்தைந்து பித்தளைத் தாங்கிகள்

கருணைவிளை
9 ஜூலை 1933

என் அன்பான அத்தானுக்கு,

ஆண்டவர் கிருபையால் நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நாகர்கோவிலில் பஸ் மாறும்போது மழை பிடித்துக்கொண்டது. பெட்டி நனைந்ததே தவிர நான் நனையவில்லை. இங்கே ஆஸ்பத்திரியில், பெண்கள் பகுதியில் என்னோடு சேர்த்துப் பதினெட்டுப் பேர். பக்கத்துக் கட்டில் சரசம்மாவுக்கு இருபது வயசுதான் இருக்கும். பகலெல்லாம் சிரிக்கிறாள்.

வாரத்துக்கு இரண்டு தடவை மரோட்டி எண்ணெய் ஊசி போடுகிறார்கள். வலிக்கத்தான் செய்கிறது. டாக்டர் என் இடது கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சீக்கிரம் வந்திருக்கே, நல்லது" என்றார். பெருவியாதி, குஷ்டம் என்ற சொற்களை அவர் ஒரு தடவைகூட வாயில் எடுக்கவில்லை. அதற்காகவே அவரைக் கும்பிடலாம் போல இருந்தது.

நாம் பேசி வைத்தபடி, நான் கொழும்பில் அண்ணன் வீட்டுக்குப் போயிருப்பதாகவே எல்லாரிடமும் சொல்லுங்கள். ராஜமணியிடமும் அப்படியே இருக்கட்டும். எட்டு வயசுப் பிள்ளை, பள்ளிக்கூடத்தில் வாய் தவறி உளறிவிடுவாள்.

லூயிசா மதாம்மா சீமைக்குத் திரும்பும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போன பியானோவை மழைக்காலம் என்று மூடிப் போட்டுவிடாதீர்கள். பிள்ளை தினமும் அரைமணி நேரமாவது வாசிக்க வேண்டும். உங்கள் அக்காளுக்கு அந்தச் சத்தம் ஆகாது. நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

உங்கள் அன்பு மனைவி
ஞானபாய்


குன்னுகுழி, திருவனந்தபுரம்
20 ஆகஸ்ட் 1933

அன்புள்ள ஞானம்,

உன் கடிதம் வந்த பிறகுதான் சோறு இறங்கியது. வீட்டில் எல்லாரும் சுகம். பியானோவுக்குத்தான் சுகமில்லை.

இடவப்பாதி மழை வலுத்ததும் பாதிக் கட்டைகள் ஊமையாகிவிட்டன. கட்டையை அழுத்தினால் உள்ளே சுத்தியல் போய்த் தந்தியை அடிக்கிறது, பிறகு திரும்பி விழுவதில்லை. ராஜமணி ஒரு கையால் வாசித்து, மறு கையால் சுத்தியல்களைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறாள். முன்பலகையைக் கழற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு சுத்தியலும் தையல் ஊசி போன்ற ஒரு கம்பியில் திரும்புகிறது. கம்பியைப் பிடித்திருப்பது கட்டைவிரல் நகம் அளவு மரத்தாங்கி. மழையில் மரம் ஊதிக் கம்பியைக் கவ்விக்கொள்கிறது. பாதி வருஷம் மழை பெய்கிற ஊருக்கு இது எப்படிச் சரிப்படும்? பித்தளை தண்ணீர் குடிக்காதே என்று தோன்றியது.

எங்கள் ஒர்க்ஷாப்பில் படம் வரைகிற பஞ்சாபகேசன் சாரிடம் என் கோட்டுப்படத்தைக் காட்டினேன். வலியசாலைக்காரர், உனக்குத் தெரியும். "ஏன்டாப்பா தாசையா, பம்பு ரிப்பேர் பண்ற கை, கடியார வேலைக்கு எங்கே வரும்?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே ஸ்கேலை எடுத்துப் படத்தைத் திருத்தியும் கொடுத்தார். வேலை முடிந்தபின் கடைசல் இயந்திரத்தில் ஒரு மணி நேரம் எனக்கு விட்டுக் கொடுத்திருக்கிறார்.

முதல் தாங்கி முடிந்தது. ஆனால் கட்டையை அழுத்தும்போதெல்லாம் கிலுகிலு என்று ஒரு சத்தம். விரலுக்கு எது சரி என்று உனக்குத்தான் தெரியும். எழுது.

உன்
தாசையன்

அம்மைக்கு முத்தம். கொழும்பில் ஆனை உண்டா? ராஜமணி.


கருணைவிளை
14 செப்டம்பர் 1933

என் அன்பான அத்தானுக்கு,

கொழும்பில் ஆனை உண்டு என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வரியை எத்தனை தரம் படித்தேன் என்று எனக்கே கணக்கில்லை.

கிலுகிலுப்புக்குக் காரணம், உலோகம் உலோகத்தோடு உரசுவது. கம்பியைப் பித்தளை அசையாமல் பிடிக்கட்டும். அது சுழல வேண்டியது சுத்தியலின் மரத்துக்குள். அந்தத் துளைக்கு மெல்லிய கம்பளித் துணி வையுங்கள். சரியாக இருக்கிறதா என்று அறிய மதாம்மா ஒரு வழி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சுத்தியலைத் தாங்கியோடு தொங்கவிட்டு லேசாக ஆட்டுங்கள். ஆறேழு தடவை ஆடி நின்றால் சரி. மூன்றிலேயே நின்றால் இறுக்கம். பதினைந்துக்கு மேல் போனால் தளர்ச்சி.

இன்னொன்று. கம்பியைக் கவ்வும் திருகாணி முன்பக்கம் பார்த்து இருக்கட்டும். அப்போது பியானோவின் வயிற்றைப் பிளக்காமலே ஒரு சின்னத் திருப்புளியால் சரிசெய்துகொள்ளலாம். கம்பி இரும்பானால் துருப் பிடிக்கும். ஜெர்மன் சில்வர் கிடைக்குமா என்று சாலைக்கடையில் கேட்டுப் பாருங்கள்.

இங்கே யாரும் என்னிடம் இப்படிக் கேள்வி கேட்பதில்லை. இரண்டு நாளாக நான் நோயாளி என்பதே மறந்துபோயிற்று.

உங்கள் அன்பு மனைவி
ஞானபாய்


குன்னுகுழி
11 பிப்ரவரி 1934

அன்புள்ள ஞானம்,

நீ சொன்னபடியே செய்தேன். ஏழு தடவை ஆடி நின்றது! பஞ்சாபகேசன் சார் தானும் எண்ணிப் பார்த்துவிட்டு, "முன்பக்கம் திருகாணி வெக்கணும்னு எப்படிடா தோணித்து?" என்று கேட்டார். வீட்டில் ஒருத்தி சொன்னாள் என்றேன்.

இத்துடன் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். அதில் ஒரே ஒரு கட்டை, ஒரு சுத்தியல், ஒரு தந்தி. நடுவே நம் பித்தளைத் தாங்கி. இரண்டு கையாலும் வாசித்துப் பார்த்து, விரலுக்குக் கனமா லேசா என்று எழுது. நீ சரி என்றால் எண்பத்தைந்து கட்டைகளுக்கும் செய்யத் தொடங்கிவிடுவேன். நீ திரும்பி வரும்போது எந்த மழையிலும் பியானோ உனக்குப் பேச வேண்டும்.

உன்
தாசையன்

அம்மே, பெட்டிக்கு உள்ளே ஒரு மிட்டாயி வச்சிருக்கேன். அப்பாவுக்கு அறியாது. ராஜமணி.


கருணைவிளை
4 மார்ச் 1934

என் அன்பான அத்தானுக்கு,

பெட்டி வந்தது. மிட்டாயி உருகி மூடியில் ஒட்டியிருந்தது. சுரண்டித் தின்றேன்.

உங்களிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. வலது கைக்கு அருமையாக இருக்கிறது. விரலை எடுத்த நொடியே சுத்தியல் விழுகிறது. இடது கையைப் பற்றி என்ன எழுத? சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளுக்கு வளைந்துவிட்டன. சுண்டுவிரலைக் கட்டைமேல் வைத்தால், சுத்தியல் அசைவதைக் கண்ணால் பார்த்துத்தான் அழுத்திவிட்டேன் என்று தெரிந்துகொள்கிறேன். போன வாரம் கஞ்சிக் கலயத்தை இறக்கும்போது சரசம்மா, "யக்கா, கை பொள்ளுது!" என்று கத்தினாள். கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஆகவே கனமா லேசா என்று என்னிடம் கேட்காதீர்கள். ராஜமணியிடம் கேளுங்கள். அவள் விரலுக்குத் தக்கபடி செய்யுங்கள். கட்டாயம் செய்யுங்கள்.

உங்கள் அன்பு மனைவி
ஞானபாய்


குன்னுகுழி
17 நவம்பர் 1935

அன்புள்ள ஞானம்,

உன் ஐந்து கடிதங்களும் கிடைத்தன. பதில் எழுதாததற்கு மன்னித்துக்கொள். வேலை அதிகம்.

எண்பத்தைந்து தாங்கிகளும் முடிந்தன. துலாமாச மழை முழுவதும் ஒரு கட்டைகூடச் சிக்கவில்லை. அடுத்த வருஷம் இங்கே நடக்கப்போகும் கைத்தொழில் கண்காட்சிக்கு ஒரு வரிசைத் தாங்கிகளை வைக்கும்படி பஞ்சாபகேசன் சார் சொல்கிறார்.

ராஜமணி ஏன் ஒரு வரிகூட எழுதுவதில்லை என்று கேட்டிருக்கிறாய். பரீட்சை நெருக்கம். அவளைப் படம் எடுத்து அனுப்ப இப்போது சௌகரியப்படவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

தாசையன்


கருணைவிளை
24 மே 1936

அத்தான் அவர்களுக்கு,

இரண்டு செய்திகள்.

ஒன்று, என் தோலையும் இரத்தத்தையும் நாலு தடவை சோதித்து, இனி வியாதி இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விரல்கள் நிமிராது. மற்றபடி நான் யாருக்கும் ஆபத்தானவள் அல்ல.

இரண்டாவதை நடந்தபடியே எழுதுகிறேன். நேற்றுக் காலை டாக்டர் கையில் பத்திரிகையோடு எங்கள் வராந்தாவுக்கு வந்தார். "ஞானபாய், உன் வீட்டுக்காரருக்கு வெள்ளிப் பதக்கம்! எல்லாரும் கேளுங்க!" என்று உரக்க வாசிக்கத் தொடங்கினார். சரசம்மா கை தட்டினாள். பித்தளைத் தாங்கி, முன்பக்கத் திருகாணி, மழைக்கு அஞ்சாத பியானோ என்று எல்லாம் வந்தது. கடைசி வரியில், "இதனைக் காலஞ்சென்ற" என்றவர் அப்படியே நின்றுவிட்டார். பத்திரிகையை மடிக்கப் பார்த்தார். நான் வாங்கி மிச்சத்தைப் படித்தேன். "காலஞ்சென்ற தம் மனைவியின் நினைவாக ஆக்கியதாகத் திரு. தாசையன் தம் கண்காட்சி அட்டையில் குறித்துள்ளார்."

பதினேழு பெண்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் எப்போது செத்தேன்? எதனால் செத்தேன்? ராஜமணிக்கும் நான் செத்துவிட்டேனா?

ஞானபாய்


குன்னுகுழி
31 மே 1936

ஞானம்,

நாலு தாள் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

போன வருஷத்துக்கு முந்திய வருஷம், புரட்டாசியில், நாகர்கோவிலிலிருந்து வந்த ஒருவர் உன்னைக் கருணைவிளையில் பார்த்ததாகச் சபையில் சொல்லிவிட்டார். ஒரே வாரத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. ராஜமணியின் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. அவள் தண்ணீர் குடித்த குவளையை வெளியே எறிந்தார்கள். பிள்ளை வந்து அழுதது. அக்காள்தான் சொன்னாள்: "கொழும்புல காய்ச்சல்ல போயிட்டான்னு சொல்லிப்போடு. நாலு நாள் எல்லாரும் அழுவாவ. கருணைவிளையில கண்டது வேற ஆளுன்னு ஆயிரும், பொறவு பேச்சு நின்னுரும். பிள்ளைக்கு ஒரு வாழ்வு வேண்டாமா?"

நான் சரி என்றேன். அக்காள் மேல் பழி போடவில்லை. சொன்னது என் வாய்தான். சபைக் கோவிலில் நினைவு ஆராதனை வைத்தோம். ராஜமணிக்கும் அதையேதான் சொன்னேன். பிள்ளை உண்மையாக அழுதால்தான் ஊர் நம்பும் என்று அப்போது நினைத்தேன். அதன் பிறகு குவளையை யாரும் எறியவில்லை, ஞானம். அது மட்டும் உண்மை.

நீ குணமானது கேட்டு முழங்காலில் நின்று அழுதேன். ஒரு யோசனை சொல்கிறேன், கோபப்படாதே. பொன்முடி அடிவாரத்தில், கல்லாற்றில், ஆற்றோரமாக ஒரு சின்ன வீடு பார்த்திருக்கிறேன். அங்கே நம்மை யாருக்கும் தெரியாது. வேறு பெயரில் நீ இருக்கலாம். மாசத்துக்கு ஒரு தடவை நான் வருவேன்.

தாசையன்


கருணைவிளை
8 ஜூன் 1936

அத்தான் அவர்களுக்கு,

கொழும்பு என்ற பொய்யில் எனக்கும் பங்கு உண்டு. அதை மறக்கவில்லை. குவளை எறியப்பட்டபோது நான் அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் எனக்குத் தெரியாது. அதனால் உங்களைத் திட்டப் போவதில்லை.

ஆனால் கல்லாற்றில் வேறு பெயரில் ஒருத்தியை வைத்துக்கொள்ள வேண்டுமானால், அது நானாக இருக்க முடியாது. நான் நீங்கள் தாலி கட்டிய பெண்சாதி.

இரண்டு காரியம் செய்யுங்கள். ராஜமணியிடம் நீங்களே உண்மையைச் சொல்லுங்கள். கண்காட்சி அட்டையில் "காலஞ்சென்ற" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அந்தத் திருகாணி முன்பக்கம் பார்ப்பது உயிரோடு இருக்கிற ஒருத்தி சொன்னதால்.

ஞானபாய்


குன்னுகுழி
29 ஜூன் 1936

ஞானம்,

ராஜமணியிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும், பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, "அப்போ வெள்ளை உடுப்பு போட்டு நான் அழுதது ஆருக்கு வேண்டியாக்கும்?" என்று கேட்டாள். கொஞ்சம் கழித்து, "நான் அழுதது அம்மைக்கு அறியுமா?" என்றாள். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. பியானோவைத் தொடவும் இல்லை.

அட்டையைப் பற்றி இன்னும் ஒன்றும் செய்யவில்லை. பஞ்சாபகேசன் சாரிடம் என்னவென்று சொல்வேன்? நினைவு ஆராதனைக்கு அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கடைசிவரை நின்றாரே. சபையாரிடம் எந்த முகத்தோடு பேசுவேன்? எனக்குக் கொஞ்சம் காலம் கொடு. அதுவரை கல்லாற்று வீட்டை நினைத்துப் பார்.

தாங்கிகளில் பதினொன்று இந்த மழையில் திருகாணி கடிக்கும் இடத்தில் விரிசல் விட்டுவிட்டன. ஏன் என்று புரியவில்லை.

ஒரு சனிக்கிழமை உன்னைப் பார்க்கப் பிள்ளையை நானே அழைத்து வரட்டுமா?

தாசையன்


கருணைவிளை
6 ஜூலை 1936

தாசையன் அவர்களுக்கு,

ராஜமணியை அனுப்புங்கள். வருகிற சனிக்கிழமை காலை பஸ்ஸில் உங்கள் அக்காள் நாகர்கோவில்வரை கொண்டுவந்து விடட்டும். அங்கே நான் நிற்பேன். இங்கே பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க என்னை வைத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி மதிலுக்கு வெளியே எனக்கென்று ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். பள்ளி நாட்கள் சில தவறினாலும் பரவாயில்லை. எத்தனை நாள் இருப்பது என்பதை அவளே சொல்லட்டும்.

தாங்கிகளில் விரிசல் விட்டதற்குக் காரணம், கம்பி கழன்றுவிடும் என்று பயந்து திருகாணியை அளவுக்கு மேல் இறுக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் கையை எனக்குத் தெரியும். பித்தளைத் தகட்டை அரை நூல் கனமாக்குங்கள். இறுக்கத்தைக் குறையுங்கள். மற்றபடி அது நல்ல வேலை. அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

நீங்கள் வர வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. கோபம் மே மாதத்தோடு போய்விட்டது. என்னை அடக்கம் செய்து, ஆறுதல் வார்த்தை கேட்டு, அந்த வீட்டில் நான் இல்லாமல் வாழப் பழகிக்கொண்டீர்கள். அந்தச் சொல்லை எடுக்க உங்களுக்குக் காலம் வேண்டும் என்கிறீர்கள். எடுத்துக்கொள்ளுங்கள். நான் அதற்காகக் காத்திருக்கப் போவதில்லை. கல்லாற்று வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ராஜமணியிடம் வழியில் யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். என் கையைக் கண்டு பயந்தால் பயப்படட்டும். அவள் அழுதது எனக்குத் தெரியும் என்று நானே அவளிடம் சொல்லிக்கொள்கிறேன்.

ஞானபாய்