பவளம் டாக்கீஸில் கடல் ஏறிய வாரம்

வலியதுறை,
12.2.1969

அன்புள்ள பொன்னம்மைக்கு,

நான் நலம். நீ கோபித்துக்கொண்டு உன் அம்மா வீட்டுக்குப் போன பிறகு ஒரு கார்டுகூடப் போடவில்லை. கொட்டகைக்கு ஓடு மாற்றியாயிற்று. பெண்கள் பக்கம் மணல் தரை போய் பெஞ்சு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் மீன்காரப் பெண்கள் கூட்டமாக வருகிறார்கள். படம் பார்த்து அவர்கள் அழுவது வாசல்வரை கேட்கிறது. ஒருமுறை வந்து பாரேன்.

உன்,
பூதலிங்கம்

நாகர்கோவில்,
20.2.1969

அன்புள்ள அத்தானுக்கு,

கொட்டகைக்கு ஓடு மாற்றியது சந்தோஷம். நம் அடுக்களை ஒழுகியதே, அதைப் பற்றி ஒரு வரி இல்லை. இரண்டாம் ஆட்டம் முடிந்து வந்து, ஆறிய சோற்றைத் தின்றுகொண்டே படத்தைப் பற்றிப் பேசுவீர்கள். நானோ அன்று முழுக்க யாரிடமும் வாய் திறந்திருக்க மாட்டேன். அந்த ஊரில் எனக்கு யாரைத் தெரியும்? கொட்டகையை விற்றுவிட்டு இங்கே வாருங்கள். இல்லையென்றால் என்னைக் கூப்பிடாதீர்கள். உங்கள் இருமலுக்குப் பனங்கற்கண்டு அனுப்பியிருக்கிறேன்.

பொன்னம்மை

வலியதுறை,
26.6.1969

அன்புள்ள பொன்னம்மைக்கு,

கடல் ஏறிவிட்டது. கரையோர வீடுகள் வரிசையாகப் போயின. உயிர்ச்சேதம் இல்லை. பிலோமினா என்று ஒரு மீன்காரி, நிறைமாத வயிற்றோடு கொட்டகை வாசலில் வந்து நின்றாள். "முதலாளி, வீட்டக் கடல் கொண்டுபோயி. ஞங்க எங்க போய்க் கெடக்கும்?" என்றாள். ஆட்டத்தை நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டேன். இப்போது உள்ளே நிற்க இடமில்லாமல் சனம். அடுப்புப் புகையில் திரை கறுத்துவிட்டது. படம் தருகிறவர் வந்து, "இது கொட்டகையா, சத்திரமா?" என்று கேட்டுவிட்டுப் படப்பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். இனித் தரமாட்டாராம்.

நேற்று பிலோமினாவுக்குப் பெண்குழந்தை பிறந்தது. அவளுக்குத் தாய் இல்லை. பேறுகால மருந்து எப்படிக் கிண்டுவது என்று என்னிடம் கேட்கிறார்கள். நீ எழுது.

இவர்களுக்கு வீடு கிடைத்ததும் கொட்டகையை விற்றுவிட்டு வருகிறேன். உனக்குச் சம்மதந்தானே?

பூதலிங்கம்

நாகர்கோவில்,
30.6.1969

அன்புள்ள அத்தானுக்கு,

எழுதி அனுப்பினால் நீங்கள் மருந்தைக் கருக்கிவிடுவீர்கள். சுக்கு, மிளகு, கருப்பட்டி எல்லாம் கட்டிவிட்டேன். பழைய சேலைகளும் இருக்கின்றன, பிள்ளைக்கு ஆகும்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கதவைத் திறந்துவிட்ட இடம் வந்ததும், "பின்ன நீ இங்க என்னத்துக்கு மக்கா இருக்க?" என்றாள்.

விற்கிற பேச்சு இப்போது வேண்டாம். வியாழக்கிழமை திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் நிலையத்தில் வந்து இறங்குவேன். நீங்கள் வர வேண்டாம், அங்கே ஆள் வேண்டும். வலியதுறை பஸ் எனக்குத் தெரியும். பிலோமினாவுக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு பாய் விரிக்கச் சொல்லுங்கள்.

பொன்னம்மை