புகை வராத காலை

ரோரோஸ், மார்ச் 3

அன்புள்ள அண்ணா,

நேற்றுக் காலை எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. வீட்டைச் சூடாக்கும் விறகடுப்பை வேண்டுமென்றேதான் மூட்டவில்லை. வெளியே மைனஸ் இருபத்திரண்டு. பதினொரு வருடமாக என்னோடு பேசாத நீ, ஏரிக்கு அக்கரையிலிருந்து என் புகைபோக்கியை இன்னும் பார்க்கிறாயா என்று அறிய ஆசை. செய்தது சரியா, தெரியவில்லை.

தினமும் எட்டு மணிக்கு மூட்டுவேன். நேற்று எட்டரைக்கு நீ ஜன்னலைத் தட்டினாய்.

"டேய், உயிரோட இருக்கியா?"

"இருக்கேண்ணா."

"அப்புறம் ஏன்டா புகையக் காணோம்? விறகு தீந்துபோச்சா, புத்தி தீந்துபோச்சா?"

நான் கதவைத் திறப்பதற்குள் போய்விட்டாய்.

உறைந்த ஏரியைக் கடக்க உனக்கு இருபத்தைந்து நிமிடமாகும். அப்படியானால் ஐந்தே நிமிடத்தில் கவனித்திருக்கிறாய். தினமும் எட்டு மணிக்கு ஜன்னலருகே நிற்கிறாயா?

இதைப் படித்துக் கோபம் வந்தால் நேரில் வந்து திட்டு. கதவு பூட்டியிருக்காது.

உன் தம்பி