ஆஃப்ரினுக்குப் பதினாறுதான்

கருவடிக்குப்பம்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு,

ரமீஜாவின் ஸலாம். தினமும் போனில் பேசுகிறவள் இப்போது எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பீர்கள். வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் நம் மகள் கையில். நான் பேசினால் பக்கத்திலேயே நிற்கிறாள். மெசேஜ் என்றால் அவள்தான் அடித்துத் தருகிறாள். பக்கத்து வீட்டுக் கிறிஸ்துதாஸ் அண்ணன் லீவு முடிந்து நாளைக்குக் குவைத் திரும்புகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். முதலில் இதைப் படியுங்கள், முறுக்கை அப்புறம் தின்னலாம்.

உங்கள் தங்கை ரூமானா சௌக்கியம். மாடியில் ஒழுகிய இடத்தைப் பூசியாகிவிட்டது. எனக்குத்தான் நாலு நாளாக ஒரு வேலையும் ஓடவில்லை. கடையில் இரண்டரை மீட்டர் கேட்டவளுக்கு மூன்று மீட்டர் கிழித்துவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆஃப்ரினைக் கேட்டு அந்த ஹாக்கி டீம் அனுப்பிய ஒப்பந்தம் மேஜைமேல் கிடக்கிறது. இரண்டு வருஷம், சம்பளம், தங்க இடம், சாப்பாடு, எல்லாம் அவர்கள் பொறுப்பு. பதினெட்டு ஆகாததால் பெற்றவர்கள் கையெழுத்து வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். பேனாவை எடுக்கிறேன், மூடி வைக்கிறேன், எழுந்து போய் அரிசி களைகிறேன், திரும்பி வந்து பேனாவை எடுக்கிறேன்.

மனசு கேட்காமல் கோச் தேவதாஸ் சாரைப் போய்ப் பார்த்தேன். “கை இருக்குதுமா, கண்ணு இருக்குது. அவகிட்டேருந்து பந்த எடுக்க இங்க ஆளே இல்ல. ஆனா உடம்பு ஒரு வருசம் பின்னாடி இருக்குது. பதினேழு வயசுக்கு உண்டான பலம் இல்ல. அங்க ஆடறதெல்லாம் இருபத்தஞ்சு, இருபத்தெட்டு வயசுப் பொம்பளைங்க. மோதினா இவ தாங்க மாட்டா. என்ன கொறன்னுதான் எனக்குப் புரியல” என்றார். அளந்து பார்த்த மாதிரி ஒரு வருஷம் என்றார் மச்சான். ஒன்றும் தெரியாதவள் போலத் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அந்தக் குறையைத்தான் பிள்ளை தேடிக்கொண்டிருக்கிறாள். விடிந்தும் விடியாமல் பிள்ளைச்சாவடி வரைக்கும் ஓடிவிட்டு வருகிறாள். ஆறு முட்டை, பேரீச்சம்பழம், சத்து மாத்திரை, ஒன்றையும் விடுவதில்லை. ரத்தம்கூட டெஸ்ட் பண்ணிப் பார்த்தாள். நேற்று சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. “எல்லாம் நார்மலாம்மா. அப்ப நான்தான் சோம்பேறி. கூட ஆடற மெரினுக்கும் என் வயசுதானே? அவ லேசா இடிச்சாலே நான் போய் விழறேன்” என்று கேவிக் கேவி அழுதாள். பாவி, நான் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் நீங்கள் போனில் சொன்னீர்களே, “பதினேழு ஆச்சு, இன்னும் என்ன சின்னப் பொண்ணா? கையெழுத்தப் போட்டு அனுப்பு” என்று. பதினேழா மச்சான்? ஊருக்காக எழுதியதை நீங்களே நம்பிவிட்டீர்களா? எனக்கு வந்த கோபத்துக்கு நீங்கள் எதிரில் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

அம்மா வீட்டில் பிறந்தவளை உடனே பதியாமல் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போட்டோம். அதற்குள் உங்களுக்கு விசா வந்துவிட்டது. “ஸ்கூல்ல சேத்து, வாசல்ல விட்டுட்டுத்தான் பிளேன் ஏறுவேன்” என்று ஒற்றைக் காலில் நின்றீர்கள். சேர்க்க வயது காணாது. பதியப் போன இடத்தில் ஒரு வருஷம் முன்னால் பிறந்ததாகச் சொல்லி எழுதி வாங்கிக்கொண்டு வந்தீர்கள். நானும் சிரித்தேனே தவிரத் தடுக்கவில்லை. விளையாட்டில் வயதைக் குறைத்துக் காட்டுகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். கூட்டி எழுதிய கூத்து நம் வீட்டில் மட்டும்தான். அன்றிலிருந்து அவள் தன்னைவிட ஒரு வயது மூத்த பிள்ளைகளோடு ஓடி ஓடித் தோற்கிறாள், தன்னையே திட்டிக்கொள்கிறாள்.

நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. ஆட வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த வருஷம் கூப்பிட்டால் நானே கொண்டுபோய் விடுகிறேன். கூப்பிடாமலும் போகலாம், அந்தப் பயம் இருக்கிறது. வயதைத் திருத்தப் போனால் ஆடவே விடாமல் செய்துவிடுவார்களோ என்று இன்னொரு பயம். அதைத் தேவதாஸ் சாரிடம் நானே ஒப்புக்கொண்டு கேட்கிறேன். அவர் என்ன ஏசினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் ஆஃப்ரினிடம் நான் சொன்னால் எடுபடாது. போக விடாமல் தடுக்க அம்மா கட்டிய கதை என்பாள். நீங்கள் சொன்னால்தான் நம்புவாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் கூப்பிடுங்கள். என்னைக் கேட்காதீர்கள், அவளிடமே பேசுங்கள். உன் உடம்பில் ஒரு குறையும் இல்லை, நீ சோம்பேறி இல்லை, உனக்குப் பதினாறுதான் என்று சொல்லுங்கள். ஏன் செய்தோம் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அதைச் சொல்லும் தெம்பை அல்லாஹ் உங்களுக்குக் கொடுக்கட்டும். அவள் கத்துவாள், கத்தட்டும். அழுதாலும் நீங்கள் போனை வைத்துவிடாதீர்கள் மச்சான், அவளாக வைக்கிற வரைக்கும் இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ரமீஜா