பாப்பாவின் தொடையில் ஒரு வளையம்

பேக்கரி அடுப்புக்கு முன்னால் வேகிறவருக்கு, சலவைக்கடை இஸ்திரிப் பெட்டிக்கு முன்னால் வேகிற உங்கள் மனைவி எழுதுவது.

எல்லோரும் சுகம். பாப்பாவுக்கு மேலே இரண்டு பல் முளைத்துவிட்டது. யார் தூக்கினாலும் கடித்துவிட்டுச் சிரிக்கிறாள். லீவில் வந்து முதல்முறையாக அவளைத் தூக்கும்போது உங்கள் மூக்கைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் அவளைக் குளிப்பாட்டும்போது தொடையின் உள்பக்கம் ஒரு வளையம் தெரிந்தது. வளையலை வைத்து வரைந்த மாதிரி அத்தனை வட்டம். ஓரம் சிவப்பு, நடுவில் தெளிவு. எனக்கு உயிரே போய்விட்டது. தோல் டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அவர் பார்த்துவிட்டு, "பாப்பாவ எந்தப் பக்கம் தூக்கி வச்சுக்குவீங்க?" என்று கேட்டார். இடது இடுப்பு என்றேன். அதைக் காட்டச் சொன்னார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உங்களைத் தவிர யாருக்கும் தெரியாத அரிப்பு. நீங்கள் அனுப்பும் களிம்பு டியூபைத் தடவினால் அடங்கும், விட்டால் இன்னும் கொஞ்சம் பரவும். பூசிப் பூசித் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, இன்னதென்று சொல்ல முடியாத மங்கல் சிவப்பாகக் கிடந்தது.

இரண்டு பேர் தோலையும் லேசாகச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து, மருந்துச் சொட்டு விட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். என்னங்க, அதை எப்படி எழுதுவேன்! என் தோலில் இழை இழையாக, கிளை பிரிந்து, ஏதோ செடி மாதிரி ஓடுகிறது. பாப்பாவின் தோலிலும் அதேதான். இத்தனை நாளும் இடுப்பில் ஒரு தோட்டத்தைச் சுமந்துகொண்டா இஸ்திரி போட்டேன்? பயந்தேன்தான், ஆனால் கண்ணை எடுக்க மனசு வரவில்லை.

இரண்டுமே படர்தாமரைதானாம். நம் டியூபில் இருப்பது ஸ்டீராய்டு. அது பூஞ்சையைக் கொல்லாது, அரிப்பையும் சிவப்பையும் அடக்கித் தோலின் வாயை மட்டும் அடைக்கும். அந்தத் தைரியத்தில் பூஞ்சை அது பாட்டுக்குப் பரவும் என்றார். "பாப்பாவுக்கு நீங்க எதுவும் தடவல. அதான் அவ தோலு உள்ளத உள்ளபடி காட்டிருச்சு" என்றார். இன்னும் அம்மா என்றுகூடச் சொல்ல வராதவள், நாம் இரண்டு பேரும் பூசி மறைத்ததை ஒரு வட்டம் போட்டுக் காட்டிவிட்டாள். நினைத்தால் இப்போதும் மெய்சிலிர்க்கிறது.

டியூபை நிறுத்தியதும் எனக்கும் வளையங்கள் கிளம்பின. டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன். புது மருந்தில் இப்போது அடங்கி வருகிறது.

இனி உங்கள் கதை. நீங்களும் அந்தப் பழைய டியூபையேதான் தடவுகிறீர்கள். அறையில் எல்லோருக்கும் பிதுக்கிக் கொடுப்பதால் 'டியூப் டாக்டர்' என்று பெயர் வாங்கியதாகப் பெருமையாக வேறு எழுதியிருந்தீர்கள். போதும் சாமி, அந்தப் பட்டத்தை இன்றைக்கே துறந்துவிடுங்கள். அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு நிஜ டாக்டரிடம் போங்கள். அடுத்தவர் துண்டைத் தொடாதீர்கள். வெட்கப்பட்டு, நான் பார்க்கக்கூடாதென்று பூசி மறைத்துக்கொண்டு மட்டும் வராதீர்கள்.

எனக்கு ஆறும்வரை பாப்பாவை இந்த இடுப்பில் வைக்கக்கூடாது. அவள் பழைய இடத்தைக் காட்டிக் காட்டி அழுகிறாள். "அப்பா வந்து தூக்கி வச்சுக்குவாரு" என்று சொல்லித்தான் சமாதானம் செய்கிறேன். என்னைப் பொய்க்காரியாக்கிவிடாதீர்கள்.

உங்கள் வரவுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
பாப்பாவின் அம்மா