கழுகின் இடது சிறகு

டென்வர்
ஏப்ரல் 6, 2009

லைமன்,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாதே. பதினெட்டு வருஷம் கழித்து எழுதுகிறேன், ஒரு பக்கமாவது படி.

மகள் வீட்டோடு போகப் போகிறேன். அதற்காகப் பழைய பெட்டிகளை ஒழித்துக்கொண்டிருந்தேன். நம் நாணயச் சங்கத்து இதழ்க் கட்டில் 1991 மார்ச் இதழ் கிடைத்தது. நான் வாங்கிய அரை டாலர் காசு அடிக்கிற அச்சின் படம் வந்த அதே இதழ். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இனி காசு அடிக்கக் கூடாதென்று நாணயச் சாலைக்காரர்கள் குறுக்கே வெட்டிய இரண்டு கோடும் எழுத்தையெல்லாம் தின்றுவிட்டதே, நினைவிருக்கிறதா? ஆனால் ஓரத்தில் ஆர் என்ற எழுத்து மட்டும் தப்பியிருக்கிறது. படத்தில் அது நேராக நிற்கிறது லைமன்.

அச்சில் எழுத்து எப்படி நேராக நிற்கும்? காசில் நேராக விழ வேண்டுமானால் அச்சில் திரும்பித்தானே இருக்க வேண்டும்? காசில் இருப்பதுபோலவே கழுகு தெரியட்டும் என்று இதழ் நடத்திய நம் ஹோமர் படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறான். அதனால்தான் இடது சிறகில் இருந்த வெடிப்பு படத்தில் வலது சிறகுக்குப் போயிருக்கிறது.

அச்சை வாங்கிய அன்றைக்கே, ஹோமர் படம் எடுத்த கையோடு, துரு எடுக்க உன் பட்டறைக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து நீ திருப்பிக் கொடுத்தாய். அதே வாரம் இதழும் வந்தது. வெடிப்பு படத்தில் வலது சிறகில், கையில் இருந்த அச்சில் இடது சிறகில். அச்சை மாற்றிவிட்டாய் என்று நாற்பது பேர் முன்னால் சொன்னேன். கை தூக்கி ஓட்டுப் போட்டு உன்னைச் சங்கத்தைவிட்டு வெளியே அனுப்பினோம். முதல் கை என்னுடையது.

இருபது வருஷம் அச்சு சேர்த்தவன் நான். அந்த ஓர் எழுத்தைப் பார்க்கத் துப்பில்லாமல் போனது. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். அச்சும் இனி உன்னுடையது, அனுப்பிவைக்கிறேன். வீட்டில் வேர்னாவை விசாரித்ததாகச் சொல். அவள் சுட்டுத் தந்த ருபார்ப் பை பலகாரத்தை இன்னும் மறக்கவில்லை.

ஆர்லோ

*

பியூப்லோ
ஏப்ரல் 14

ஆர்லோவுக்கு,

வேர்னா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. நீ அறிந்திருக்க வழியில்லை.

நீ கண்டுபிடித்ததை நான் அன்றைக்கே பார்த்தேன். கூட்டத்தில் அந்த இதழைத் தூக்கிக் காட்டி, "இது என்னடா? வெடிப்பு கால் முளைச்சு அந்தப் பக்கம் போச்சா?" என்று கேட்டாயே, எல்லாரும் சிரித்தார்களே, அப்போதே அந்த ஆர் என் கண்ணில் பட்டுவிட்டது. எழுந்து சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. சொல்லவில்லை. படத்தைப் பார்த்து நம்புகிறவன் என் மூஞ்சியைப் பார்த்து நம்ப மாட்டானா என்று ரோஷம். "சரி, விடு, லைமன் அப்படிப்பட்டவன் இல்லை" என்று நீயே சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ கை தூக்கினாய். நான் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரு நாள் வேர்னா மாவு பிசைந்துகொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்: "ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே? நிஜமாவே நீ அதை எடுக்கலதானே?"

முப்பத்தொரு வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவள். உன் வாய் அவளையும் கேட்க வைத்துவிட்டது. இதழ் அலமாரியில்தான் இருந்தது. எடுத்து அந்த எழுத்தைக் காட்டியிருக்கலாம். "உன் இஷ்டம்போல நினைச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டேன். அப்புறம் அவள் கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. உன்மேல் இருந்த ரோஷத்தை அவளிடம் காட்டினேன் ஆர்லோ. அதற்கு நீ பொறுப்பில்லை, எனக்குத் தெரியும். தெரிந்தும் உன்னை மன்னிக்க மனசு வரமாட்டேன் என்கிறது.

சங்கத்தில் இப்போது மிஞ்சியிருப்பது காது கேட்காத நாலு கிழங்கள். அவர்களிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது? சொல்ல வேண்டுமானால் வேர்னாவிடம் போய்ச் சொல். பியூப்லோ கல்லறைத் தோட்டம், மேற்கு வேலி ஓரம். வியாழக்கிழமை மட்டும் போகாதே, அது நான் போகிற நாள்.

அச்சு எனக்கு வேண்டாம். என்னிடமிருந்த அச்சுகளையெல்லாம் அந்த வருஷமே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன்.

லை. கெர்ச்

*

டென்வர்
ஏப்ரல் 20

லைமன்,

செவ்வாய்க்கிழமை, இருபத்தெட்டாம் தேதி, காலை பத்து மணிக்குப் போகிறேன். உன்னிடம் சொல்லாமல் போவது சரியில்லை என்று தோன்றியது.

ஆர்லோ

*

டென்வர்
ஏப்ரல் 29

அன்புள்ள லைமன்,

நேற்றுப் போனேன். மகள்தான் வண்டி ஓட்டினாள். கல்லறைக்குக் கிட்டே வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

என்ன சொல்வது என்று எழுதி வைத்திருந்தேன். காற்றில் காகிதம் நிற்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "வேர்னா, உன் புருஷன் எதையும் எடுக்கலை. படம் திரும்பியிருந்தது, நான் பார்க்கலை. அவனுக்குத் தெரிஞ்சும் உன்கிட்ட சொல்லலை. ரெண்டு மடையனுங்க கிட்ட மாட்டிக்கிட்டே, மன்னிச்சுக்கோ" என்றேன். உன்னையும் சேர்த்துத் திட்டியதற்குக் கோபிக்காதே. இதழை விரித்துக் கல்லின்மேல் வைத்து, பறக்காமல் இருக்க அச்சை அதன்மேல் வைத்தேன். பிறகு வெட்கத்தைவிட்டு அழுதேன்.

திரும்பும்போது பார்த்தேன். வாசலுக்கு வெளியே, பாப்லர் மரத்தடியில் உன் அதே பழைய பச்சை பிக்கப் வண்டி. செவ்வாய்க்கிழமை உன் நாள் இல்லையே. கண்ணாடி இறக்கியிருந்தது. காற்று அந்தப் பக்கமாகத்தான் அடித்தது, ஏதாவது காதில் விழுந்ததோ என்னவோ. நீ இறங்கவில்லை. கூப்பிட எனக்கும் தைரியம் வரவில்லை. கையை மட்டும் தூக்கினேன். தூக்கிய பிறகுதான் அன்றைக்குத் தூக்கியதும் இதே கை என்று நினைவு வந்தது. சட்டென்று இறக்கிவிட்டேன். நீ கிளம்பிவிட்டாய்.

அச்சை எடுக்க மறந்து வந்துவிட்டேன். அங்கேயே இருக்கட்டும்.

அடுத்த செவ்வாயும் பத்து மணிக்குப் போவேன். நீ வண்டியைவிட்டு இறங்க வேண்டாம். வந்து நின்றால் போதும்.

ஆர்லோ